உடுவிலில் ஒரு தாய்: ஹரியற் வின்ஸ்லோ அம்மையார்

உடுவில் மகளிர் கல்லூரியில் படித்த எவரும் 1824 என்ற ஆண்டை மறப்பதில்லை. அவ்வாண்டு விடுதிப் பாடசாலையை ஆரம்பித்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரை ஸ்தாபகராக அறிவோம். மனைவியாகவும் தாயாகவும் அவர் வாழ்ந்த வாழ்வை நாம் அதிகம் பேசுவதில்லை. அதனை நினைவுகூர்வது பொருத்தமானது.

அவர் 1796 ஏப்ரல் 9 ஆம் திகதி, அமெரிக்காவின் கனெக்ரிக்கட் மாநிலத்து நோர்விச் நகரில் லாத்ரொப் குடும்பத்திற் பிறந்தார். இளவயதிலேயே ஆழ்ந்த விசுவாசமுடையவர். 1819 ஜனவரியில் மைரன் வின்ஸ்லோ போதகரை மணந்து, ஜூன் மாதம் பொஸ்ரன் துறைமுகத்திலிருந்து அவருடன் கப்பலேறினார். பண்டத்தரிப்பில் வைத்தியப் பணியாற்றிய டொக்டர் ஜோன் ஸ்கடரும் அதே கப்பலில் வந்தவரே. 1820 இல் வின்ஸ்லோ தம்பதியர் உடுவிலில் குடியேறினர்.

அக்காலத்தில் பெண்பிள்ளைக்கு எழுத்தறிவு வேண்டும் என்று நம் ஊரில் நினைத்தோர் மிகச் சிலர். பிள்ளையைப் பிறர் வீட்டில் உண்டு உறங்க விடுவது அதனிலும் பெரிய காரியம். 1820 இன் பின் அமெரிக்க மிஷனரிமார் மேலும் வர ஆங்கில அரசு அனுமதிக்கவில்லை. அதனால் இருந்த சிலரே எல்லாச் சுமையையும் தாங்கினர். குடும்பத்தைக் கவனித்துக்கொண்டே அம்மையார் ஊர்ப் பெண்பிள்ளைகளையும் பொறுப்பேற்றார். கணவரோ தமிழைக் கற்றுத் தேர்ந்து, பிற்காலத்தில், 1862 இல், தமிழ் ஆங்கில அகராதியை வெளியிட்டார்.

தாயாக அவர் பட்ட துயர் பெரிது. பச்சிளம் பருவத்திலேயே பிள்ளையைப் பறிகொடுத்தார். 1821 இல் பிறந்த மூத்த மகன் சாள்ஸைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1832 இல் அவன் நியூயோர்க்கில் இறந்தான். கடிதங்கள் பாய்க்கப்பலில் மாதக்கணக்கில் பயணித்த காலம் அது. தாய் அருகில் இருக்க வழியில்லை. இன்று மருந்தாலும் தடுப்பூசியாலும் தவிர்க்கக்கூடிய எத்தனையோ மரணங்களை அக்காலத் தாய்மார் கண்டனர். வைத்தியராக எனக்கு இது மனதைத் தைக்கிறது. விசுவாசம் அவருடைய துயரைக் குறைத்திருக்கும் என்று நான் எண்ணவில்லை. துயரோடும் மறுநாட் காலையில் எழுந்து பிறர் பிள்ளைகளைக் கவனிக்கும் பலத்தை அது கொடுத்தது.

1833 ஜனவரி 14 ஆம் திகதி உடுவிலில் அவர் காலமானார். அப்போது வயது 36 மட்டுமே. ஸ்போல்டிங் தம்பதியர் பாடசாலையைத் தொடர்ந்து நடத்தினர். 1840 இல் எலைசா அக்னியூ அம்மையார் வந்து சுமார் நாற்பது ஆண்டுகள் அதனை வளர்த்தார். ஹரியற்றின் சகோதரிகள் மூவரும் மிஷன் பணிக்கு வந்தனர். தாயின் பெயரையே தாங்கிய மகளின் வழியில், அமெரிக்க இராஜாங்கச் செயலாளராயிருந்த ஜோன் பொஸ்ரர் டலஸ் அவருக்குப் பூட்டன்.

ஆயினும் அவருடைய வழித்தோன்றல்கள் அமெரிக்காவில் மட்டும் இல்லை. தம் பிள்ளையைத் தூரதேசம் அனுப்பிவிட்டு நம் பூட்டிமாருக்கு எழுத்தறிவித்த தாய் அவர். இன்று உலகெங்கும் பரந்து வாழும் நாமும் அவர் பிள்ளைகளே. நம் அயலில் படிக்க வழியற்ற ஒரு பெண்பிள்ளைக்காவது கைகொடுத்தால், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் நன்றி.