எப்வேத் குருமனையின் ஆசிரியை

மெதடிஸ்த பாடசாலையொன்றிற் படித்த எமக்கு ஜோன் வெஸ்லியையும் சாள்ஸ் வெஸ்லியையும் அறிமுகஞ் செய்யத் தேவையில்லை. சாள்ஸின் பாடல்களைக் காலைக்கூட்டத்திற் பாடியே வளர்ந்தோம். ஆனால் அவர்களைப் பெற்ற சூசன்னா அம்மையாரைப்பற்றி நாம் அறிந்தது குறைவு. பழைய மாணவிகளின் மலரொன்றில் இடம்பெற அவருக்கே கூடுதல் உரிமை உண்டென்பது எமது எண்ணம்.

அவர் 1669 ஜனவரி 20ஆம் திகதி லண்டனில், கலாநிதி சாமுவேல் அனஸ்லி என்னும் போதகரின் இருபத்தைந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். 1688இல் சாமுவேல் வெஸ்லியை மணந்தார். லிங்கன்ஷயரிலுள்ள எப்வேத் ஊர்க் குருமனை பின்னர் அவர்களது இல்லமாயிற்று. பிள்ளைகள் பத்தொன்பது பேர். ஒன்பது பேர் குழந்தைகளாகவே இறந்தனர். கணவர் பெரிய கல்விமான், ஆனால் கையில் காசு தங்காதவர். 1705இல் கடனுக்காக லிங்கன் சிறையிலும் இருந்தார். 1709இல் குருமனை எரிந்தபோது ஐந்து வயது ஜோனை அயலவர்கள் மாடி யன்னல் வழியாகத் தூக்கியெடுத்தார்கள்.

இத்தனைக்கும் நடுவே அந்த வீட்டில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. காலை 9 மணி முதல் 12 வரை, பின்னேரம் 2 மணி முதல் 5 வரை தாயே ஆசிரியை. பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்த மறுநாள் எழுத்துகள் முழுவதையும் படிப்பிப்பார். அடுத்து ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரம். நன்றாக வாசிக்கத் தெரியும்வரை எந்தப் பெண்பிள்ளையையும் தையலுக்கோ வீட்டுவேலைக்கோ இருத்துவதில்லை என்பது அவர் வகுத்த சட்டம். எங்கள் பாட்டிமாரிற் பலருக்கு இந்த ஒழுங்கு தலைகீழாகவே இருந்தது!

செபத்துக்கென நேரம் ஒதுக்கி அதைத் தவறாது காத்தார். தனியறை கிடையாத வேளைகளில் இடுப்பிற் கட்டியிருந்த துணியைத் தலைக்குமேல் இழுத்து மூடிக்கொள்வார் என்றும், பிள்ளைகள் அதைக் கண்டு சத்தத்தைக் குறைப்பார்கள் என்றும் வழிவழியாகச் சொல்வார்கள்.

அவர் வாழ்வில் எமக்கு மிக நெருக்கமானது வேறொன்று. 1711-12 மாரிகாலத்தில் கணவர் லண்டன் போயிருந்தார். தந்தையின் படிப்பறையில் மூத்த மகள் எமிலியா ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்துத் தாய்க்குக் கொடுத்தாள். அது தரங்கம்பாடியில் சீகன்பால்க் முதலிய டேனிஷ் மிஷனரிமார் தமிழ் மக்களிடையே செய்த ஊழியத்தின் வரலாறு. சூசன்னாவால் பல நாள் வேறெதையும் நினைக்க முடியவில்லை. தானோ ஆணுமல்ல, குருவுமல்ல; என்றாலும் இருக்கிற இடத்தில் ஏதாவது செய்யலாமே என்று துணிந்தார். வாரத்தில் ஒவ்வோர் இரவும் ஒரு பிள்ளையைத் தனியே இருத்திப் பேசினார். வியாழன் ஜோனின் முறை, சனி சாள்ஸின் முறை. ஞாயிறு மாலையில் குசினியில் வீட்டாருக்காக வாசித்த பிரசங்கத்தைக் கேட்க அயலவர் வரத் தொடங்கி, இருநூறு பேருக்கு மேலாயினர். உதவிக்குரு லண்டனுக்கு முறைப்பாடு எழுத, நிறுத்திவிடும்படி கணவர் எழுதினார். விருப்பமாகச் சொன்னாற் போதாது, நேரான கட்டளையாக அனுப்பினால், கடவுள் முன் கணக்கொப்புவிக்கையில் பொறுப்பு உமதாகும் என்னும் பொருளில் மறுமொழி போயிற்று. கட்டளை வரவேயில்லை.

தரங்கம்பாடிச் செய்தி எப்வேத் குசினிக்குப் போய் நூறாண்டு கழிந்தபின், 1814இல், வெஸ்லியன் மிஷனரிமார் காலியில் வந்திறங்கினார்கள். எங்கள் பாடசாலைகள் அதன்பின் வந்தவை.

ஒன்றை மறைக்கலாகாது. மூன்று ஆண்மக்களும் ஒக்ஸ்போர்ட் போனார்கள். ஏழு பெண்மக்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. எட்டு வயதிலேயே கிரேக்க வேதாகமம் வாசித்ததாகச் சொல்லப்படும் ஹெற்றி, தந்தையின் வற்புறுத்தலால் மனமொவ்வாத ஒருவரை மணந்து, துயரக் கவிதைகள் எழுதி மறைந்தாள். தாய் கொடுத்த எழுத்து மட்டும் அவளிடமிருந்து பறிபோகவில்லை.

1742 ஜூலை 23ஆம் திகதி லண்டனில், ஜோனும் பெண்மக்களும் கட்டிலைச் சூழ்ந்திருக்க, சூசன்னா கண்மூடினார். உயிர் பிரிந்ததும் துதிப்பாடல் பாடும்படி முன்னரே கேட்டிருந்தார். அவர்கள் நின்றபடியே பாடினார்கள்.