ஜாதி பார்த்த கிளப்பை இழுத்து மூடிய 'சர்வாதிகாரி'!

கொல்கத்தா: இந்தியாவில் புட்பால் என்றாலே கொல்கத்தாதான். அந்த ஊர் பசங்களுக்கு பந்தை உதைக்கப் பழக்கியவர் பெயர் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி. பேரைக் கேட்டு மிரள வேண்டாம். வங்காளத்தில் அது ஒரு குடும்பப் பெயர், அவ்வளவுதான்.

1869ல் டாக்டர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தார். 1877ல் ஒருநாள் கங்கையில் குளிக்க அம்மாவோடு குதிரை வண்டியில் போனபோது, மைதானத்தில் வெள்ளைக்கார சோல்ஜர்கள் பந்து ஆடிக் கொண்டிருந்தனர். வண்டியை விட்டு இறங்கி சிறுவன் வேடிக்கை பார்க்க, பந்து அவன் பக்கம் உருண்டு வந்தது. விட்டான் ஒரு உதை! இந்தியர் ஒருவர் புட்பாலை உதைத்தது அதுதான் முதல்முறை என்று கொல்கத்தாவில் சொல்வார்கள்.

அதோடு விடவில்லை. ஹேர் ஸ்கூல் நண்பர்களிடம் காசு வசூல் செய்து கடைக்குப் போய் பந்து வாங்கி வந்தார். வாங்கியது ரக்பி பந்து! வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை. பசங்க அதை வைத்து முட்டி மோதுவதைப் பார்த்த பிரசிடென்சி காலேஜ் பேராசிரியர் ஸ்டாக், நிஜ புட்பாலை வாங்கிக் கொடுத்து ஆட்டத்தையும் சொல்லிக் கொடுத்தார்.

அப்புறம் கிளப் மேல் கிளப்பாக ஆரம்பித்தார். அதில் பெரியது வெலிங்டன் கிளப். அங்கேதான் வில்லங்கம் வந்தது.

மோனி தாஸ் என்ற பையன் நன்றாக ஆடுவான். பானை செய்யும் குயவர் வீட்டுப் பிள்ளை. அவனை கிளப்பில் சேர்க்க நாகேந்திர பிரசாத் விரும்ப, மேல்ஜாதி உறுப்பினர்கள் முடியவே முடியாது என்று நின்றனர். இவரும் மசியவில்லை. பையனுக்கு இடமில்லை என்றால் கிளப்பே வேண்டாம் என்று, தான் வளர்த்த கிளப்பை தானே கலைத்து விட்டார். 1880களில் இது சாதாரண காரியமா?

1887ல் சோவாபஜார் கிளப் பிறந்தது. சோவாபஜார் ராஜ குடும்பத்துக்கு இவர் மாப்பிள்ளை என்பதால் ஆதரவுக்குக் குறைவில்லை. இங்கே ஜாதி, மதம் எதுவும் பார்க்கக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். மோனி தாசும் சேர்ந்தார்.

பலன் 1892ல் தெரிந்தது. டிரேட்ஸ் கப் போட்டியில் ஈஸ்ட் சர்ரே ரெஜிமென்ட் அணியை 2-1 என சோவாபஜார் வீழ்த்தியது. பட்டாளத்து டீமை நம்மாட்கள் ஜெயித்ததும் ஊரே ஆடிப்போனது. 1911ல் மோகன் பகான் ஐ.எப்.ஏ. ஷீல்டு வென்றதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு 19 வருஷம் முன்பே நடந்த சங்கதி இது!

1893ல் இந்திய கால்பந்து சங்கமான ஐ.எப்.ஏ. உருவானதிலும் இவருக்குப் பங்குண்டு. அந்த வருஷமே தொடங்கிய முதல் ஷீல்டு போட்டியில் ஆடிய ஒரே இந்திய அணி சோவாபஜார்தான்.

1902ல் மைதானத்தை விட்டு ஒதுங்கி வக்கீல் தொழிலில் இறங்கிய நாகேந்திர பிரசாத், 1940ல் காலமானார். இவரது கதை 'கோலோந்தாஜ்' என்ற பெயரில் வங்காளப் படமாக 2021ல் வெளிவந்தது. நடிகர் தேவ் இவரது வேடத்தில் நடித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.