புதுக்கோட்டை ஈந்த மருத்துவ மாமணி

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்ததே மருத்துவம் என்பது வள்ளுவப் பெருந்தகை வகுத்த முறையாகும். இந்நான்கும் ஓர் ஏழையின் குடிசைக்கு எவ்வாறு வந்து சேரும்? மருந்துக்குப் பொருள் ஒதுக்குபவர் யார்? ஒதுக்கிய பொருள் உரியவரைச் சென்றடைந்ததா என்று கேட்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டிய இடம் மக்கள் மன்றமே ஆகும். மருத்துவராய் இருந்தவர், அம்மன்றத்தின் படியேறி நோயின் வேரை அங்கே களைய முற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றுக்கு உரியவர் நம் புதுக்கோட்டை மண்ணில் தோன்றிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் பிறந்தார். புதுக்கோட்டை அந்நாளில் தொண்டைமான் மன்னர் ஆண்ட தனியரசு. தந்தையார் நாராயணசாமி ஐயர் மன்னர் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். அன்னையார் சந்திரம்மாள், இசையையும் ஆடலையும் மரபாகக் கொண்டு, பெண்மக்களை ஆலயத்திற்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தால் தளையுண்டு கிடந்த குலத்தைச் சேர்ந்தவர். கல்வியின் உயர்வையும் பெண்ணின் இழிநிலையையும் ஒரே இல்லத்தில் ஒருங்கே கண்டு வளர்ந்த பெண் அவர்.

பெண்கள் பருவம் எய்தியவுடன் பள்ளி வாயில் அடைபட்டுவிடும் காலம் அது. அம்மையார் வீட்டிலிருந்தவாறே பயின்று 1902-இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றார். மேற்கல்விக்கு மன்னர் கல்லூரியில் இடம் கேட்டபொழுது எதிர்ப்பு எழுந்தது. ஆடவர் பயிலும் வகுப்பில் ஒரு பெண் அமர்வதா என்றும், அதிலும் இன்ன குலத்தவளா என்றும் முணுமுணுப்புகள் கிளம்பின. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இவற்றைப் பொருட்படுத்தாது இடம் அளித்தார். மூடிய வண்டியில் வந்து, திரையின் பின் அமர்ந்து பாடம் கேட்டுத் தேறினார் அம்மையார்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பரிசுகளும் பதக்கங்களும் குவித்து, 1912-இல் பட்டம் பெற்று வெளியேறினார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியருள் அவர் ஒருவர். எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனையில் மருத்துவராகப் பணி தொடங்கினார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டி அவர்களைச் சடங்குகளைத் தவிர்த்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்.

நோய்க்குப் பின்னே வறுமை

மருத்துவத் தொழில் அம்மையாருக்குப் பொருளும் புகழும் ஈட்டித் தந்தது. ஆயினும் நாள்தோறும் அவர் கண்ட காட்சிகள் அவரை அமைதியுற விடவில்லை. செல்வர் இல்லங்களில் பிறந்த குழந்தைக்குப் பாலூட்ட, ஒடுக்கப்பட்ட குலத்து ஏழைத்தாய் ஒருத்தி கூலிக்கு அமர்த்தப்படுவாள். அவள் பெற்ற குழந்தையோ பாலின்றி நலியும். ஒரு பிள்ளையின் பசியைத் தீர்க்க மற்றொரு பிள்ளை பட்டினி கிடந்த இக்கொடுமையை எந்த மருந்துப் புட்டியால் தீர்க்க இயலும்? இளம் வயதில் மணமுடிக்கப்பெற்றுப் பேறுகாலத்தில் மாண்ட சிறுமியர் எத்துணையர்! நோய்க்குப் பின்னே வறுமையும், வறுமைக்குப் பின்னே சமுதாய வழக்கமும் நிற்பதை அம்மையார் தெளிவுற உணர்ந்தார்.

இதற்கிடையே அவர் குடும்பத்திலேயே துயர் ஒன்று நேர்ந்தது. தங்கையின் உடலில் தோன்றிய புற்றுநோயைச் சீதபேதி என்று தவறாகக் கருதிச் சிகிச்சை அளித்தனர். நோய் முற்றியது, இளம் வயதிலேயே தங்கை மறைந்தார். மருத்துவரான தமக்கை அருகிருந்தும் காப்பாற்ற இயலவில்லை. அத்துயர் பின்னாளில் பெரியதோர் அறநிலையமாக உருவெடுத்தது.

சட்டமன்றத்தில் அம்மையார்

1919-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாகாணங்களில் இரட்டையாட்சி ஏற்பட்டது. மருத்துவம், பொதுச் சுகாதாரம், கல்வி, ஸ்தல ஸ்தாபனம் ஆகிய துறைகள் அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பெற்றன. அவ்வமைச்சர்கள் சட்டமன்றத்திற்கு விடையிறுக்கும் கடப்பாடு உடையவர்கள். ஊர்களில் மருந்தகங்களை நடத்துவதும், அம்மை குத்துவதும், குடிநீரையும் துப்புரவையும் கவனிப்பதும் ஜில்லா போர்டுகளும் நகராட்சிகளும் மேற்கொண்ட பணிகள். எனவே, ஓர் ஊரில் மருத்துவ வசதி குறைந்தால் அது குறித்துக் கேள்வி எழுப்பவும், நிதி கேட்கவும், தீர்மானம் கொணரவும் சட்டமன்றத்தில் வழி பிறந்தது. அவ்வழியே நடக்கப் பெண்களின் துயர் அறிந்த ஒருவர் மட்டும் அங்கே இல்லாதிருந்தார்.

இந்திய மாதர் சங்கத்தினர் அம்மையாரின் பெயரை முன்மொழிந்தனர். மருத்துவப் பணிக்கு இடையூறு நேருமே என்று அவர் முதலில் தயங்கினார். பின்னர் இசைந்து நியமன உறுப்பினராகி, 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். மன்றம் அவரைத் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது.

பதவியை அவர் அணிகலனாகக் கொள்ளவில்லை. பள்ளி மாணவியருக்கு மருத்துவப் பரிசோதனை நடைபெற வேண்டும் என்றார். குழந்தைகளுக்குத் தனி மருத்துவ வசதி வேண்டும் என்றார். முஸ்லிம் மாணவியருக்கென விடுதி அமையவும், ஒடுக்கப்பட்ட குலத்து மாணவியருக்கு உதவித்தொகை கிடைக்கவும் பாடுபட்டார். கல்விக்கும் மருத்துவத்திற்கும் செலவிடும் பொருள் அச்செல்வத்தின் நிழல்கூடப் படாதிருந்த மக்களையும் சென்றடைய வேண்டும் என்பதே இக்கோரிக்கைகள் அனைத்திற்கும் அடிப்படையாகும். 1928-இல் அமைந்த ஹார்ட்டாக் கல்விக் குழுவிலும் அவர் உறுப்பினராக இருந்து நாடெங்கும் சென்று பெண்கல்வியின் நிலையை ஆராய்ந்தார்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் ஆற்றிய பணி யாவரும் அறிந்ததே. அதில் பலர் கவனியாது விடும் கூறு ஒன்று உண்டு. அப்பெண்டிர் ஆலயத் தொண்டிற்கு ஈடாக இனாம் நிலங்களை அனுபவித்து வந்தனர். தொண்டை விட்டால் நிலமும் கைவிட்டுப் போகும். பிழைப்பிற்கு வழியின்றி மீண்டும் அதே வாழ்க்கைக்குத் திரும்ப நேரும். அம்மையாரின் முயற்சியால் 1929-இல் நிறைவேறிய சட்டத்திருத்தம் அந்நிலங்களை ஆலயத் தொண்டிலிருந்து விடுவித்து, அனுபவித்து வந்த பெண்களுக்கே உரிமையாக்க வழி செய்தது. கையில் நிலம் இல்லாத விடுதலை நிலைக்காது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும் அக்குலத்துப் பெண்டிருள்ளேயே ஒரு சாரார் தம் கலையும் பிழைப்பும் அழியும் என்று அஞ்சி அவரை எதிர்த்தனர். அவர்தம் அச்சத்திலும் ஓரளவு நியாயம் இருந்தது என்பதை இன்று நடுநிலையோடு நோக்குவோர் ஒப்புவர். அவ்வழக்கத்தை முற்றிலும் தடை செய்யும் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது.

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்டதைக் கண்டித்து அம்மையார் தம் பதவியைத் துறந்தார். பின்னர்ச் சென்னை மாநகராட்சியில் ஆல்டர்மேனாகவும் பொறுப்பேற்று, நகரின் நலப்பணிகளை அருகிருந்து கவனித்தார்.

இல்லமும் மருத்துவமனையும்

பொட்டுக்கட்டும் வழக்கிற்கு அஞ்சி ஓடிவந்த இளம்பெண்கள் சிலர் அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் முன்வரவில்லை. தம் இல்லத்திலேயே அவர்களுக்கு இடமளித்தார் அம்மையார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. ஆதரவற்ற பெண்கள் அங்கே கல்வி கற்று, ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் தம் காலில் நின்றனர்.

தங்கையின் மறைவால் உள்ளத்தில் விழுந்த விதையும் முளைவிட்டது. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று ஆட்சியாளரை அணுகியபொழுது, தீரா நோய்க்கு ஏன் பொருட்செலவு என்னும் போக்கே எதிர்ப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அவர்கள் அடிக்கல் நாட்ட, 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனைக் கண்ணெனப் போற்றி வளர்த்தனர். ஏழையரும் உயர்ந்த சிகிச்சை பெறும் இடமாக அது நாடறிந்தது.

1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் தம் 81-ஆம் வயதில் இவ்வுலகை நீத்தார்.

நமக்குரிய கடமை

அம்மையாரின் பெயரால் அமைந்த மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஏழைத் தாய்மார்களுக்கு உதவி வருகிறது. அவர் பிறந்தநாளை மருத்துவமனை நாளாகக் கொண்டாடத் தமிழக அரசு 2019-இல் அறிவித்தது. ஒரு பெண்ணைச் சேர்க்கத் தயங்கிய அதே ஊரில் 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரி எழுந்தது. அங்கே இன்று மாணவியர் திரையின்றி அமர்ந்து மருத்துவம் பயில்கின்றனர்.

இவை மகிழ்ச்சிக்குரியனவே. ஆயினும் கட்டடமும் திட்டமும் தாமே இயங்குவன அல்ல. 1992-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தமும், 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்கு உயிரூட்டின. ஊராட்சிப் பதவிகளில் சரிபாதி பெண்களுக்கு என 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. அம்மையார் அரிதின் முயன்று பெற்ற இருக்கை இன்று ஒவ்வோர் ஊரிலும் பெண்களுக்கு உரிமையாகியிருக்கிறது. கோட்டைப்பட்டினத்துக் கடற்கரையில் மீன் விற்கும் தாயும், கந்தர்வகோட்டைப் பக்கம் முந்திரிக்காட்டில் வேலை செய்யும் தாயும் கிராம சபையில் எழுந்து கேட்கலாம். துணை சுகாதார நிலையம் நாள்தோறும் திறக்கிறதா? செவிலியர் வருகிறாரா? மருந்து இருக்கிறதா? குடிநீர்த் தொட்டி தூய்மை செய்யப்பட்டதா? இவற்றைக் கேட்பது எவரையும் குறை கூறுவதாகாது, குடிமக்களின் கடமையாகும். ஒருவர் நோயுற்றால் அவர்தம் கூலி நிற்கும், கடன் ஏறும், பிள்ளையின் படிப்பு அறுபடும். ஆகவே ஊரின் நலத்தைக் காப்பதே ஊரின் செல்வத்தை எல்லார்க்கும் பொதுவாக்கும் முதற்படியாகும்.

கல்லூரியில் பயிலும் மாணவ மாணவியர் தத்தம் ஊருக்குச் செல்லுங்கால், கிராம சபை கூடும் நாளில் அங்கே ஓர் ஓரத்திலேனும் அமர்ந்து பார்த்தல் வேண்டும். கேட்கத் தயங்கும் முதியவளுக்காக ஒரு வினாவை எழுதிக் கொடுத்தல் வேண்டும். சட்டமன்றத்தில் அம்மையார் செய்த தொண்டும் பேச இயலாதார்க்காகப் பேசியதே அன்றோ! அத்தொண்டினைத் தொடர்வதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் ஆகும்.

வாழ்க அம்மையார் புகழ்! வளர்க அவர்தம் பணி!