ஸர் வில்லியம் ஆஸ்லர்

மருத்துவ உலகில் புகழ் பெற்றோரைப் பற்றிப் பேசுங்கால் பாஸ்டர், லிஸ்டர் என்னும் பெயர்களை நம் மாணவர் எளிதிற் கூறுவர். ஆஸ்லரின் பெயரை அத்துணைப் பேர் கூறக் கேட்டிலோம். அவர் புது மருந்து எதனையும் கண்டவரல்லர். எனினும், செயற்கை வால்வு பொருத்தப்பெற்ற ஒருவர் பல் பிடுங்கிக்கொள்ளுமுன் இன்று ஒரு வேளை மருந்து உட்கொள்ளும் வழக்கத்தின் வேரைத் தேடிச் செல்வோர் அவரிடத்தே வந்து சேர்வர். ஆதலின் அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க எழுதப் புகுந்தோம்.

கனடா தேசத்தில், பாண்ட் ஹெட் என்னும் சிற்றூரில், 1849-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் ஆங்கிலக் கடற்படையில் ஊழியம் செய்து, பின்னர்க் குருப்பட்டம் பெற்று அந்நாட்டிற் குடியேறியவர். மைந்தரும் குருத்துவத்திற்கே உரியர் என்னும் கருத்தோடு 1867-இல் டொராண்டோ நகரத்து டிரினிட்டி கல்லூரியிற் சேர்ந்தார். ஆயினும், ஜான்சன், பவெல் என்னும் ஆசிரியர் இருவர் அவர் கையில் நுண்பெருக்காடியைக் கொடுத்துவிட்டனர். மறு ஆண்டே அவர் வைத்தியம் பயிலத் தொடங்கினார். 1872-இல் மாண்ட்ரியால் நகரத்து மக்கில் கல்லூரியிற் பட்டம் பெற்று, ஐரோப்பாவில் இரண்டாண்டு பயின்று, இருபத்தைந்தாம் வயதில் தாம் கற்ற கல்லூரிக்கே ஆசிரியராய் மீண்டார்.

அங்கே பெரியம்மை நோயாளர் விடுதியில் ஊழியம் செய்தமைக்காகக் கிடைத்த ஊதியத்தைக் கொண்டு தம் மாணவர்க்கு நுண்பெருக்காடிகள் வாங்கினார் என்பர். பிணச் சோதனையிலும் அவருக்கு இருந்த ஊக்கம் பெரிது. நூற்றுக்கணக்கான உடல்களை ஆராய்ந்து குறிப்பெழுதினார். உயிரோடிருந்தபோது வைத்தியர் என்ன நோய் என்று கருதினர், இறந்தபின் உள்ளே காணப்பட்டது யாது என இரண்டையும் ஒப்பிட்டு நோக்கும் பழக்கம் அவருக்கு அங்கே வேரூன்றிற்று.

அப்பழக்கத்தின் பயனை 1885-இல் லண்டன் மாநகரத்து வைத்தியர் கழகத்தில் அவர் நிகழ்த்திய கல்ஸ்டன் சொற்பொழிவுகளிற் காண்கிறோம். பொருள், இருதயத்தின் உட்படலத்தைப் பற்றும் கொடிய அழற்சி. இருதய அறைகளின் வாயில்களில் கதவுகள்போல் திறந்து மூடும் வால்வுகள் உள. அவற்றின்மேற் கிருமிகள் படிந்து பாசிபோற் படர்ந்து, துண்டு துண்டாய்ப் பிரிந்து, இரத்தத்தோடு ஓடி மூளை, சிறுநீரகம், மண்ணீரல் முதலியவற்றிற் சென்று அடைத்துக்கொள்ளும். வெளியே தெரிவதோ சுரமும் குளிரும் மெலிவுமே. ஆகவே வைத்தியர் பலர் இதனை டைபாய்டு என்றும் மலேரியா என்றும் மயங்கினர். ஆஸ்லர் சிதறிக் கிடந்த செய்திகளையெல்லாம் திரட்டி, ஒரே நோயின் பல முகங்கள் இவை எனக் காட்டினார். இந்நோய் பெரும்பாலும் முன்னரே பழுதுற்ற வால்வையே நாடுகிறது என்பதனையும் அவர் எடுத்துரைத்தார். பின் வந்தோர்க்குப் பெரிதும் பயன்பட்டது இந்த உண்மையே.

பிலடெல்பியாவில் ஐந்தாண்டு இருந்தபின், 1889-இல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையின் தலைமை வைத்தியரானார். மாணவரை விரிவுரை மண்டபத்தில் அடைத்துவையாது, நோயாளியின் கட்டிலருகே நிறுத்திக் கற்பித்தார். 1892-இல் அவர் வெளியிட்ட வைத்திய நூல் பல பதிப்புக்கள் கண்டது. அந்நூலை 1897-இல் ஒரு பாதிரியார் படித்தார். எத்தனை நோய்களுக்கு மருந்தே இல்லை என்று அதனால் அறிந்த அவர், ராக்பெல்லர் என்னும் செல்வரைத் தூண்டி ஓர் ஆராய்ச்சிக்கழகம் நிறுவச் செய்தார். தம்மால் இயலாதவற்றை மறையாது எழுதிய நூலுக்கு இதனினும் சிறந்த பரிசு உண்டோ, அறியோம்.

1905-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் அவரை அழைத்துக்கொண்டனர். அங்கிருந்து 1909-இல் அந்நோயைப் பற்றி மீண்டும் எழுதினார். இம்முறை அவர் விவரித்தது மெல்ல அரிக்கும் வகை. மாதக்கணக்காய்ச் சுரத்தோடு நடமாடுவோரின் விரல் நுனிகளில், தொட்டால் வலிக்கும் செந்நிறச் சிறு கட்டிகள் தோன்றிச் சின்னாளில் மறையும். இவற்றை வைத்தியர் இன்றும் ஆஸ்லர் கணுக்கள் என்றே வழங்குவர். அந்நாளில் இவற்றைக் கண்டறிதல் நோயாளியின் முடிவை அறிதலேயாம். மருந்து இல்லை.

1917-இல் அவர்தம் ஒரே மைந்தர் ரெவியர் பெல்ஜியத்துப் போர்க்களத்தில் மாண்டார். அத்துயரத்தின்பின் ஆஸ்லர் நெடுநாள் வாழவில்லை. 1919-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள், நுரையீரல் நோயால் ஆக்ஸ்போர்டில் உயிர் நீத்தார். அவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த அரிய நூல்களும், அவருடைய சாம்பலும் மக்கில் பல்கலைக்கழக நூல்நிலையத்தில் உள்ளன.

எஞ்சிய வினாவுக்கு விடை பின்னரே கிடைத்தது. அக்கிருமிகள் வால்வை அடையும் வழி யாது? பல்வேறு வழிகள் உள. அவற்றுள் ஒன்று வாய். 1935-இல் ஓக்கெல், எலியட் என்பவர் பல் பிடுங்கப்பெற்றோரின் இரத்தத்தை உடனே சோதித்து, வாயில் வாழும் கிருமிகள் அதில் கலந்திருத்தலையும், ஈறு கெட்டவரிடத்து அது மிகுதி என்பதையும் காட்டினர். நல்ல வால்வு உடையார்க்கு இதனால் தீங்கு அரிது. உடல் அவற்றை விரைவில் அழித்துவிடும். பழுதுற்ற வால்விலோ அவை ஒட்டிக்கொள்ளக்கூடும். 1944-இல் பெனிஸிலின் இந்நோயைத் தீர்க்கவும் வல்லதாயிற்று. வருமுன் காத்தற்கும் அதனைக் கையாளலாமென அமெரிக்க இருதயச் சங்கத்தார் 1955-இல் விதி வகுத்தனர்.

தொடக்கத்தில் அவ்விதி பலருக்கும் பொருந்துமாறு விரிந்திருந்தது. 2007-இல் அச்சங்கத்தாரே அதனைச் சுருக்கினர். செயற்கை வால்வு உடையார், இந்நோய் ஒரு முறை வந்து பிழைத்தார், பிறவியிலேயே சிலவகை இருதயக் குறை உடையார், மாற்று இருதயம் பெற்று அதன் வால்வு பழுதுற்றார் என்போர்க்கே அதனை வரையறுத்தனர். ஈறு கிழியும்படியான பல் சிகிச்சைக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னர், வளர்ந்தவர்க்கு 2 கிராம் அமாக்ஸிஸிலின் ஒரே வேளை. பெனிஸிலின் ஒவ்வாதார்க்கு வேறு மருந்து. வடுப்பட்ட வால்வு மாத்திரம் உடையார் இப்பட்டியலில் இல்லை. மெல்லுதல், பல் துலக்குதல் என்னும் அன்றாடச் செயல்களாலும் கிருமிகள் இரத்தத்திற் புகுதலின், என்றோ ஒரு நாள் உண்ணும் மருந்தைக் காட்டிலும் நாள்தோறும் வாயைத் தூய்மையாய் வைத்தலே அவர்க்குப் பெருங்காவல் என்பது அன்னார் கருத்து. இங்கிலாந்தில் 2008-இல் வெளிவந்த விதி இம்முன்மருந்தை எவர்க்குமே வேண்டாவென்றது. 2016-இல் அதனை வழக்கமாகக் கொடுத்தல் வேண்டா என்று திருத்தி, நோயாளியின் நிலையறிந்து முடிவு செய்ய வைத்தியருக்கு இடம் விட்டனர்.