யாழை மீட்ட அறிவியல்

நுழையும்முன்

சங்கப் பாடல்களில் பாணரின் கைகளில் ஒலித்த யாழ், பிற்காலத்தில் வழக்கொழிந்தது. பாடல்களில் அதன் பெயர் நின்றது, ஓசை மறைந்தது. ஆங்கிலவழியில் அறிவியல் பயின்ற தமிழர் ஒருவர், அந்த அறிவியலையே துணையாகக் கொண்டு மறைந்த ஓசையைத் தேடினார். அவரே யாழ்நூல் இயற்றிய விபுலாநந்த அடிகள்.

இளமையும் கல்வியும்

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே அமைந்த காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மை இணையருக்கு 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். கண்ணகியைத் தெய்வமாக வழிபட்டு, அவள் வழக்குரைத்த கதையைப் பாடும் மரபுடையது அப்பகுதி. அக்கதை கூறும் சிலப்பதிகாரமே பிற்காலத்தில் அவருடைய ஆய்வுக்கு அடித்தளமாயிற்று.

அந்நாளில் இலங்கை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. உயர்கல்விக்கும் அரசுப் பணிக்கும் ஆங்கிலமே வாயிலாக விளங்கியது. கல்முனையிலும், பின்னர் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் பயின்ற மயில்வாகனன், 1908இல் தம் 16ஆம் அகவையில் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் வெற்றி பெற்றார். ஆங்கிலக் கல்வி பெற்றோர் பலர் தாய்மொழிக் கல்வியைக் கைவிட்ட காலம் அது. அவரோ தமிழறிந்த ஆசிரியர்களை நாடி இலக்கண இலக்கியங்களைத் தொடர்ந்து கற்றார்.

ஓராண்டில் இரு தேர்வுகள்

ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பணியாற்றிய பின், கொழும்பிலிருந்த அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். 1916ஆம் ஆண்டு அங்கு அறிவியல் பட்டயம் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கம் நடத்திய பண்டிதர் தேர்விலும் தேறினார். இலங்கையிலிருந்து அத்தேர்வில் வென்ற முதல்வர் அவரே. 24 அகவை இளைஞர் ஒருவரிடம் ஆய்வுக்கூட அறிவும் ஏட்டறிவும் இவ்வாறு ஒருங்கே அமைந்தன. பின்னர் யாழ்ப்பாணத்தில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றியவாறே பயின்று, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் இளநிலைப் பட்டத்தையும் பெற்றார்.

1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். துறவுக்குப் பின்னும் கற்றலைத் துறந்தாரல்லர். ஆங்கிலக் கல்வியின் பயனாக ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களை ஆராய்ந்து, தமிழ் நாடக இலக்கண நோக்கில் விளக்கும் மதங்க சூளாமணி என்னும் நூலை இயற்றினார்.

நரம்பும் கணக்கும்

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, யாழாசிரியனின் தகுதியையும் இசையின் அமைதியையும் கூறுகிறது. அரும்பதவுரையாசிரியரும் அடியார்க்குநல்லாரும் அதற்கு உரை வகுத்துள்ளனர். எனினும் அவ்வுரையாசிரியர்கள் கண்ட இசைநூல்கள் பல மறைந்துவிட்டன. தமிழ் கற்றோர் சொற்களுக்குப் பொருள் கூறினர். அச்சொற்கள் குறித்த ஓசையை அவர்களால் உணர்த்த இயலவில்லை. இயற்பியல் கற்றோர் அதிர்வுகளைக் கணக்கிட்டனர். பழந்தமிழ் உரைகள் அவர்களுக்கு எட்டவில்லை. இரண்டும் அறிந்த அடிகளார் அவ்விடைவெளியை நிரப்ப முனைந்தார்.

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன பண்டைத் தமிழர் கண்ட ஏழிசை. ஒரே அளவில் முறுக்கிய நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரு மடங்காகும். மூன்றில் இரு பங்காக்கினால் ஒன்றரை மடங்காகும். குரலின் அதிர்வெண்ணை 1 எனக் கொண்டால், அதற்கு ஐந்தாவதாகிய இளி 3/2 ஆகும். இளிக்கு ஐந்தாவதைக் கணக்கிட்டால் 9/4 வரும். அதனைப் பாதியாக்க 9/8 என்னும் துத்தம் கிடைக்கும். இத்தகைய கணித முறைகளைக் கொண்டு பழைய உரைகளின் இசைக் குறிப்புகளை அடிகளார் ஆராய்ந்தார். 21 நரம்புடைய பேரியாழ், 7 நரம்புடைய செங்கோட்டியாழ் முதலியவற்றின் வடிவங்களையும், பாலைகள் திரியும் முறையையும், தேவாரப் பண்களையும் விளக்கினார்.

யாழ்நூல் அரங்கேற்றம்

ஏறத்தாழ 14 ஆண்டுகள் நிகழ்ந்த இவ்வாய்வின் இடையே அவருக்கு வேறு பணிகளும் இருந்தன. அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் முயற்சியில் பங்கேற்றார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். உடல்நலம் குன்றிய போதும் ஆய்வைக் கைவிடவில்லை. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் துணையுடன், 1947 ஜூன் 5, 6 ஆகிய நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. அவருடைய ஆய்வின்வழி உருவாக்கப்பெற்ற யாழ்கள் அவையில் இசைக்கப்பட்டன. ஆறு வாரங்கள் கழித்து, ஜூலை 19ஆம் நாள் அடிகளார் இயற்கை எய்தினார்.

புதிய மொழியைக் கற்பவர் தம் மொழியை இழக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. அடிகளார் ஆங்கிலத்தின் வாயிலாக அறிவியலைப் பெற்றார். அந்த அறிவியலைத் தமிழிசைக்கு உரியதாக்கினார். ஏட்டில் உறங்கிய நரம்புகள் மீண்டும் ஒலித்தமைக்கு, 1916இல் ஓர் இளைஞர் எழுதிய இரு தேர்வுகளும் காரணமாயின.