அண்ணாவும் புகையிலையும்

குள்ளமான உருவம். கலைந்த தலை. பல நாள் மழிக்காத முகம். வெற்றிலைக் காவி ஏறிய பற்கள். கரகரத்த குரல்.

இதுதான் அண்ணா.

அந்தக் கரகரத்த குரலைக் கேட்க, நள்ளிரவு தாண்டியும் மக்கள் மண் தரையில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். மடியில் தூங்கும் குழந்தையோடு தாய்மார்களும் இருப்பார்கள். ஆனால் அந்தக் குரல் பிறந்த தொண்டைக்குக் கீழே, உணவுக் குழாயில், எமன் வந்து குடியேறினான்.

அந்த எமனுக்கும் புகையிலைக்கும் உறவு உண்டு. அதைச் சொல்வதற்கு முன், அண்ணா வளர்ந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

காஞ்சீபுரத்துப் பிள்ளை

1909-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி காஞ்சீபுரத்தில் பிறந்தார், அண்ணாதுரை. எளிய நெசவாளர் குடும்பம். தந்தை நடராசன், தாய் பங்காரு அம்மாள். பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர், சிற்றன்னை இராசாமணி அம்மாள். அவரைத் தொத்தா என்று அழைப்பார், அண்ணா.

வீட்டில் பணம் இல்லை. படிப்பு நடுவில் தடைப்பட்டது. காஞ்சீபுரம் நகரசபையில் கொஞ்ச காலம் குமாஸ்தா வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, எம்.ஏ. வரை படித்தார்.

பெரியாரிடம் சேர்ந்தார். பத்திரிகை ஆசிரியர் ஆனார். 1942-ல் திராவிட நாடு வார இதழைத் தொடங்கினார். நாடகம் எழுதினார், நடிக்கவும் செய்தார். வேலைக்காரி, ஓர் இரவு ஆகிய படங்கள் அவர் எழுதிய கதைகள்தான்.

1949-ல் தி.மு.கழகத்தைத் தொடங்கினார். 1957-ல் சட்டசபைக்குப் போனார். 1962-ல் சொந்த ஊரிலேயே தோற்று, டெல்லி மேல்-சபைக்குப் போனார். 1967-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி, முதல்-மந்திரி ஆனார்.

பொடி டப்பி

அண்ணாவுக்கு இரவுதான் பகல். ஊரெல்லாம் தூங்கும்போது அவர் படிப்பார், எழுதுவார்.

மூக்குப்பொடி போடும் பழக்கம் அவருக்கு உண்டு. வெற்றிலை, பாக்கோடு புகையிலை போடும் பழக்கமும் உண்டு. இதை அவர் மறைத்தது இல்லை. அந்தக் காலத்தில் அதை யாரும் குற்றமாக நினைத்ததும் இல்லை. பீடி, சிகரெட் பிடிக்கிறவரைப் பெரியவர்கள் முறைப்பார்கள். பொடி டப்பியை மட்டும் தாங்களே கேட்டு வாங்கி, ஒரு சிட்டிகை எடுத்துக்கொள்வார்கள்!

புகை இருந்தால்தான் கெடுதல் என்ற எண்ணம் இன்றும் போகவில்லை. குன்னம், வேப்பூர் பக்கம் போய்ப் பாருங்கள். பருத்திக் காட்டிலும் சோளக் காட்டிலும் பாடுபடும் பெண்களில் சிலர், இடுப்பில் சுருக்குப் பை வைத்திருப்பார்கள். அதில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு இருக்கும். கூடவே ஒரு துண்டுப் புகையிலையும் இருக்கும். வீட்டுக்காரர் பீடி பிடித்தால் இவர்களே திட்டுவார்கள். தங்கள் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பதும் அதே இலைதான் என்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

உள்ளே நடப்பது என்ன?

புகைக்கும்போது, நிக்கோட்டின் என்ற நஞ்சு சில நொடிகளில் மூளைக்கு ஏறுகிறது. இருதயம் வேகமாக அடிக்கிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தார் என்ற பிசுக்கு நுரையீரலில் படிகிறது. புகையில் சுமார் 7 ஆயிரம் இரசாயனப் பொருள்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 70 பொருள்கள் புற்றுநோயை உண்டாக்குபவை.

மெல்லும் புகையிலை நுரையீரலுக்குப் போவது இல்லை. ஆனால் அதன் சாறு கன்னத்தில் ஊறுகிறது. எச்சிலோடு கலந்து, உணவுக் குழாயின் உள்தோலைத் தடவிக்கொண்டே வயிற்றுக்கு இறங்குகிறது. ஒரு நாள் அல்ல. இருபது, முப்பது வருடம்! பீடி பிடிப்பவரும் தார் கலந்த எச்சிலைத்தான் விழுங்குகிறார். ஆகவே, அவருக்கும் உணவுக் குழாயில் புற்று வருவது உண்டு. பாக்கும் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அறிவித்திருக்கிறது.

உணவுக் குழாயின் நீளம் சுமார் 25 சென்டி மீட்டர். ஒரு சாணுக்குச் சற்று அதிகம். அது ரப்பர் போல விரிந்து கொடுக்கும். அதனால், உள்ளே கட்டி பாதி வழியை அடைக்கும் வரை பலருக்கு ஒன்றும் தெரியாது. முதலில் சோறு சிக்கும். தண்ணீர் குடித்துத் தள்ளுவார்கள். பிறகு கஞ்சிதான் இறங்கும். கடைசியில் தண்ணீரும் இறங்காது. இதில் உள்ள கொடுமையே இதுதான்: வலி சொல்லாமல் வளரும்.

ஒரு மனிதரைக் காட்டி, அவருக்குப் புற்று இதனால்தான் வந்தது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால், உணவுக் குழாய்ப் புற்றுக்கு டாக்டர்கள் சொல்லும் காரணங்களில் முன் வரிசையில் நிற்பது புகையிலை. அண்ணாவோடு அது நெடுங்காலம் இருந்தது.

நியூயார்க் ஆஸ்பத்திரி

1968 ஜனவரியில் சென்னையில் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தினார், அண்ணா. அதே ஆண்டு கோடையில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக் கவுரவித்தது. உலகம் சுற்றித் திரும்பினார்.

திரும்பிய சில மாதங்களில் நோய் வெளிப்பட்டது. உணவுக் குழாயில் புற்று!

செப்டம்பரில் மீண்டும் அமெரிக்கா போனார். இந்தத் தடவை விருந்தாளியாக அல்ல, நோயாளியாக. நியூயார்க் நகரில் உள்ள மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் மில்லர் ஆபரேசன் செய்தார். நவம்பரில் அண்ணா ஊர் திரும்பினார். மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் மெலிந்துபோன அந்த உருவத்தைப் பார்த்துக் கண் கலங்காதவர் இல்லை.

1969 ஜனவரி 14. பொங்கல் நாள். அன்று முதல், சென்னை ராஜ்யம் என்ற பெயர் போய், தமிழ்நாடு என்ற பெயர் வந்தது. அதற்கான தீர்மானத்தை 1967 ஜூலையில் சட்டசபையில் நிறைவேற்ற வைத்தவர், அண்ணா. அதே நாளில் சென்னை தியாகராய நகரில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் சிலையைத் திறந்து வைத்தார். அதுவே அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது விழா.

பிறகு அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில், ஊர் ஊராக நிதி திரட்டி 1954-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. அண்ணாவுக்கு நோய் முற்றிய அதே 1968-ல்தான் அந்த அம்மையாரும் காலமானார்.

வாசலில் கூட்டம் கூடியது. இரவு, பகல் பாராமல் மக்கள் நின்றார்கள்.

1969 பிப்ரவரி 3-ந் தேதி, நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்தில், அண்ணாவின் உயிர் பிரிந்தது. வயது 59. முதல்-மந்திரியாகி 23 மாதம் நிறைய, இன்னும் 3 நாள் பாக்கி இருந்தது.

இறுதி ஊர்வலத்துக்கு லாரியிலும் பஸ்சிலும் ரெயிலிலும் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களில் இருந்தும் மக்கள் வந்தார்கள். 1½ கோடி பேர் என்று கின்னஸ் சாதனைப் புத்தகம் அதைப் பதிவு செய்தது. கடற்கரையில் உடலை அடக்கம் செய்தார்கள்.

இன்று

புகையிலையால் உலகில் ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டில் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2013-ல் குட்காவுக்கும் தடை வந்தது. சுருக்குப் பைக்குள் இருக்கும் துண்டை எந்த இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார்? அதை வீட்டில் உள்ளவர்கள்தான் பார்க்க வேண்டும்.

காஞ்சீபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில் அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. வாயில் புண் ஆறாதவர்களும், சோறு இறங்காதவர்களும் அங்கே வருகிறார்கள். அதற்கு அண்ணாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.