பாரதியை யானை கொன்றதா? திருவல்லிக்கேணியில் 1921-ல் நடந்தது என்ன?

சுருக்கமாக:
• பாரதி யானை மிதித்து இறக்கவில்லை. யானை தாக்கிய பிறகு குணமாகி, வேலைக்குத் திரும்பி, வெளியூர்க் கூட்டங்களிலும் பேசினார்.
• அவர் உயிரைப் பறித்தது வயிற்றுக்கடுப்பு. 1921 செப்டம்பர் 12 அதிகாலையில் இறந்தார்.
• தன்னைத் தாக்கிய யானை மீது அவர் கடைசிவரை கோபப்படவில்லை.

ஒவ்வொரு செப்டம்பரிலும் நம் போனில் ஒரு ஸ்டேட்டஸாவது வந்துவிடும். பாரதியார் யானை மிதித்து இறந்தார் என்று அதில் இருக்கும். பள்ளியில் அப்படித்தான் கேட்டோம், பேச்சுப் போட்டியிலும் அப்படித்தான் பேசினோம். பாதி உண்மை, பாதி கதை.

உண்மையில் நடந்தது இதைவிட சுவாரஸ்யமானது. எல்லா உயிரும் சமம் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரை ஒரு விலங்கு கிட்டத்தட்ட கொன்றே விட்டது. அதற்கப்புறமும் அவர் அதையேதான் சொன்னாரா?

திருவல்லிக்கேணிக்கு வந்த கதை

1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்தவர் சுப்பிரமணிய பாரதி. அப்பா சின்னசாமி ஐயர், அம்மா லட்சுமி அம்மாள். 1897-ல் செல்லம்மாவுடன் திருமணம். பிறகு காசியில் சில ஆண்டுகள், மறுபடி எட்டயபுரம் அரண்மனை, மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியர் வேலை.

1904 இறுதியில் சென்னை வந்து சுதேசமித்திரனில் சேர்ந்தார். இன்றைய கணக்கில் சொன்னால், 21 வயதில் டெஸ்க்கில் உட்கார்ந்த சப்-எடிட்டர். 1906-ல் இந்தியா வார இதழ் தொடங்கியது. 1907-ல் விபின் சந்திர பாலைச் சென்னைக்கு அழைத்து வந்து, திருவல்லிக்கேணி கடற்கரையில் கூட்டங்கள் நடத்தியவர்களில் பாரதி முக்கியமானவர். 1908-ல் கைது நெருங்கியதும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். பத்து வருடம் அங்கேதான்.

1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதுமே கைது. கடலூர் சிறையில் சில வாரங்கள். விடுதலையான பிறகு செல்லம்மாவின் ஊரான கடையத்தில் சுமார் இரண்டு ஆண்டுகள். 1920 இறுதியில் மறுபடி சென்னை, மறுபடி சுதேசமித்திரன். இந்த முறை குடியிருந்தது பார்த்தசாரதி கோயிலுக்குப் பக்கத்தில், துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில்.

குருவிக்குப் போன அரிசி

யானை விஷயத்துக்குப் போவதற்கு முன் இன்னொரு சம்பவத்தைப் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் வீட்டில் பணமே இல்லாத நாட்கள். செல்லம்மா எப்படியோ தேடிப்பிடித்து வைத்திருந்த சமையல் அரிசியை பாரதி முற்றத்தில் குருவிகளுக்கு வாரி இறைத்துவிட்டார். குருவிகள் கொத்தித் தின்ன, இவர் சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருந்தார் என்று நெருங்கியவர்களின் நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன.

சினிமாவில் இந்தக் காட்சியைப் பார்த்தால் நமக்குக் கண் கலங்கும். ஆனால் அன்று வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் பசியோடு இருந்தார்கள். அடுத்த வேளைக்கு யாரிடம் கைமாற்று கேட்பது என்று யோசிக்க வேண்டியவர் செல்லம்மா. குருவியின் பசியும் மகளின் பசியும் ஒன்றுதான் என்று பாரதி நினைத்தார். அந்த எண்ணத்துக்கான செலவு முழுக்க செல்லம்மாவின் கணக்கில் விழுந்தது.

இதை பாரதியைக் குறை சொல்ல எழுதவில்லை. மனித உயிரும் விலங்கு உயிரும் சமமா என்ற கேள்வி வீட்டுக்குள் வந்தால் எவ்வளவு சிக்கலாகும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடைக்காது.

குழந்தைகளுக்காக அவர் எழுதிய பாப்பா பாட்டை நினைத்துப் பாருங்கள். சாமி, நாடு, மொழி எல்லாம் பின்னால்தான் வரும். முதலில் வருவது குருவி, கோழி, காக்கை, பசு, நாய், குதிரை, மாடு, ஆடு. குழந்தைக்கு உலகத்தை அறிமுகப்படுத்தும்போது விலங்குகளில் இருந்துதான் ஆரம்பித்தார். திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலையில் சிங்கத்தின் கூண்டருகே போய், அதைத் தொட்டுப் பேசினார் என்றும் குடும்பத்தார் எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் எல்லா மனிதர்களுக்கும் ஒரே மதிப்பு இருக்கவில்லை. பசு புழங்கும் தெருவில் சில மனிதர்கள் நடக்க முடியாத ஊர்கள் இருந்தன. பாரதி புதுச்சேரியில் கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பூணூல் அணிவித்தவர். மனிதர்களுக்குள் போட்ட கோட்டை அழிக்கத் தொடங்கியவர், மனிதனுக்கும் காக்கைக்கும் நடுவில் இருந்த கோட்டையும் சேர்த்தே அழித்தார். அவருக்கு அவை இரண்டு தனித்தனி வேலைகளாக இருக்கவில்லை.

அந்த நாளில் என்ன நடந்தது?

1921-ம் ஆண்டு. ஜூன் மாதம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பார்த்தசாரதி கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அங்கிருந்த யானைக்குத் தேங்காய், பழம் கொடுப்பது பாரதியின் வழக்கம். அதைத் தன் நண்பனாகத்தான் நினைத்தார்.

அன்று யானைக்கு மதம் பிடித்திருந்தது. சங்கிலியில் கட்டி, யாரும் கிட்டே போகாதபடி வைத்திருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் தடுத்தும் பாரதி வழக்கம்போல அருகே போய்ப் பழம் கொடுத்தார். யானை தும்பிக்கையால் அவரைத் தள்ளியது. யானையின் கால்களுக்கு நடுவில் போய் விழுந்தார். தலையிலும் உடம்பிலும் காயம், நினைவு தப்பியது.

கூட்டம் அப்படியே உறைந்து நின்றது. யானை ஒரு காலை எடுத்து வைத்தால் முடிந்தது கதை. அப்போது உள்ளே குதித்தவர் குவளைக் கண்ணன். இயற்பெயர் கிருஷ்ணமாச்சாரி, புதுச்சேரி நாட்களிலிருந்தே பாரதியின் நண்பர். பாரதி தன் பாடலிலேயே அவரைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். அவர் பாரதியைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார். மண்டயம் ஸ்ரீனிவாசாச்சாரியார் உள்ளிட்ட நண்பர்கள் ராயப்பேட்டை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

யானை ஏன் தாக்கியது?

மதம் என்பது நோயும் இல்லை, வெறியும் இல்லை. வளர்ந்த ஆண் யானைகளுக்கு இயல்பாக வருகிற பருவம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள சுரப்பியிலிருந்து நீர் வடியும், உடலில் டெஸ்டோஸ்டிரோன் பல மடங்கு ஏறும். சில வாரங்களில் இருந்து சில மாதங்கள்வரை நீடிக்கும். பழகிய பாகனே அந்த நேரத்தில் கிட்டே போகத் தயங்குவார்.

காட்டில் இந்தப் பருவத்தில் ஆண் யானை பல கிலோமீட்டர் தூரம் இணை தேடி அலையும். கோயிலில் அதற்குக் கிடைப்பது சங்கிலி நீளத்துக்கு இடம். அதன் எடை 4,000 கிலோ வரை இருக்கலாம். அது லேசாகத் தள்ளினாலே நமக்குப் பெரிய விபத்து. அந்த யானை பாரதியைக் கொல்ல நினைத்ததா, எரிச்சலில் விலக்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கீழே விழுந்தவரை அது மிதிக்கவில்லை.

பாரதி பிடித்துக்கொண்டதும் இந்த ஒரு விஷயத்தைத்தான். யானைக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை, தெரிந்ததும் மிதிக்காமல் விட்டுவிட்டது, அதற்குத் தன்மேல் பிரியம் இருக்கிறது என்ற பொருளில்தான் பார்க்க வந்தவர்களிடம் பேசினார் என்று குடும்பத்தாரின் நினைவுகள் சொல்கின்றன. யானையைத் தண்டிக்க வேண்டும் என்று அவர் கேட்டதாக எந்தக் குறிப்பும் இல்லை.

விலங்கியல் தெரிந்தவர்கள் இந்த விளக்கத்தை ஏற்க மாட்டார்கள். மதத்தில் இருக்கும் யானைக்குப் பழமும் நட்பும் ஒரு கணக்கே இல்லை. பாரதி யானையை மனிதனைப் போலவே நினைத்தார், ஆபத்தும் அங்கேதான் இருந்தது. ஓர் உயிரைச் சமமாக மதிப்பது வேறு, அது நம்மைப் போலவே யோசிக்கும் என்று நம்புவது வேறு.

அப்போ எப்படி இறந்தார்?

காயம் ஆறியது. வேலைக்குத் திரும்பினார். ஜூலை இறுதியில் ஈரோடு போனார். கருங்கல்பாளையத்தில் பேசினார். தலைப்பு: மனிதனுக்கு மரணமில்லை. அந்தப் பயணம் பற்றி சுதேசமித்திரனிலும் எழுதினார். யானை மிதித்து இறந்தவர் செய்கிற வேலையா இது?

செப்டம்பர் தொடக்கத்தில் வயிற்றுக்கடுப்பு வந்தது. ஏற்கெனவே மெலிந்த உடம்பு, யானைச் சம்பவத்தின் அதிர்ச்சி வேறு. மருந்து சாப்பிட மறுத்தார். செப்டம்பர் 11 இரவு நண்பர்கள் சிலர் வீட்டில் இருந்தார்கள். நள்ளிரவு தாண்டி, 12-ம் தேதி அதிகாலை சுமார் 1.30 மணிக்கு உயிர் பிரிந்தது. 39 வயதுகூட நிறையவில்லை. நள்ளிரவைத் தாண்டியதால்தான் 11-ஆ 12-ஆ என்ற தேதிக் குழப்பம்.

கிருஷ்ணாம்பேட்டை சுடுகாட்டுக்கு அவர் உடலோடு போனவர்கள் 20 பேர்கூட இல்லை.

நூறு வருடம் கழித்து

2022 நவம்பர் 30. பாரதி பத்து வருடம் வாழ்ந்த அதே புதுச்சேரி. மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி காலை நடைப்பயிற்சியில் சுருண்டு விழுந்து இறந்தது. அஞ்சலி செலுத்த ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். ஊரே அழுதது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு மாதிரி இருக்கும்தான். மகாகவிக்கு 20 பேர், யானைக்கு ஆயிரக்கணக்கில். ஆனால் இந்த ஒப்பீட்டில் பாரதிக்கு வருத்தம் இருந்திருக்காது. லட்சுமிக்காக அழுதவர்கள், அவர் கேட்ட வேலையைத்தான் செய்தார்கள்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. 2024 நவம்பர் 18-ல் திருச்செந்தூர் கோயில் யானை தெய்வானை தாக்கியதில் அதன் பாகனும் அவருடைய உறவினரும் இறந்தார்கள். உடனே சோஷியல் மீடியாவில் இரண்டு கட்சி. மனித உயிர் போயிருக்கிறது, யானைக்காகப் பரிதாபப்படுகிறீர்களா என்று ஒரு பக்கம். யானையைக் கட்டிவைத்தது யார் குற்றம் என்று இன்னொரு பக்கம். தெருநாய் விவகாரத்திலும் தினமும் இதே சண்டைதான்.

சட்டம் இதில் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் யானைக்கு உயர்ந்தபட்சப் பாதுகாப்பு உண்டு. வளர்ப்பு யானைகளின் பராமரிப்புக்கென்று தமிழ்நாட்டில் 2011-ல் தனி விதிகள் வந்தன. 2014 ஜல்லிக்கட்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், உயிர் வாழும் உரிமை பற்றிப் பேசும் அரசியலமைப்பின் 21-வது பிரிவை விலங்குகளுக்கும் விரித்துப் பார்த்தது. ஆனால் 2023-ல் அரசியல் சாசன அமர்வு, விலங்குகளுக்கு அப்படி அடிப்படை உரிமை தர முன்னுதாரணம் இல்லை என்று சொல்லி, தமிழக அரசின் ஜல்லிக்கட்டுச் சட்டத்தைச் சரி என்றது. நீதிமன்றமே இன்னும் முடிவாக ஒரு பதிலுக்கு வரவில்லை.

அப்படியென்றால், யார் உயிர் பெரிது?

பாரதியிடம் கேட்டால் பதில் தெரியும். ஆனால் 1921-ல் அந்த யானைக் கொட்டிலில் இருந்தவர்களில், இந்தக் கேள்விக்குச் செயலால் பதில் சொன்னவர் குவளைக் கண்ணன்.

அவர் யானையை அடிக்கவில்லை. கொல்லச் சொல்லவில்லை. மனித உயிர்தான் உசத்தி என்று வாதாடவும் இல்லை. விழுந்து கிடப்பவர் தன் நண்பர், சங்கிலியில் நிற்பது ஒரு விலங்கு, நடுவில் போகக்கூடியவர் தான் மட்டும்தான். போனார். ஒரு மனிதனைக் காப்பாற்ற ஒரு விலங்கின் மதிப்பைக் குறைக்க வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை.

நாம் பெரும்பாலும் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே தராசை எடுத்துவிடுகிறோம். மதம் பிடித்த ஆண் யானையை ஜன நெரிசல் உள்ள தெருவில் கட்டிவைத்தது யார்? தெய்வானைக்குப் பக்கத்தில் தினமும் நிற்க வேண்டிய பாகனின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால், யார் உயிர் பெரிது என்று கேட்க வேண்டிய சந்தர்ப்பங்கள் பாதி குறைந்துவிடும்.

துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டை 1993-ல் தமிழக அரசு வாங்கி நினைவு இல்லமாக்கியது. பாரதியார் இல்லம் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். அங்கிருந்து பார்த்தசாரதி கோயில் ரொம்பப் பக்கம். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், வீட்டைப் பார்த்துவிட்டு அந்தத் தூரத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். கையில் தேங்காயும் பழமுமாக பாரதி நடந்து போன வழி அது.